‘த கிவர்’: நாவல் வாசகரை நம்பியது, திரைப்படம் நம்பவில்லை

நாவலின் பாதியில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் மகள் கேட்டாள்: “உம்மா, இந்த ஊர் நல்லம்தானே? சண்டையில்ல, பசியில்ல, வேலையில்லாம ஒருத்தரும் இல்ல. இதுல என்ன பிழை?”

பொறுத்திருந்து வாசி என்று மட்டும் சொன்னேன். இரண்டு வாரத்திற்குப் பிறகு அதே கதையின் திரைப்படத்தை வீட்டில் எல்லோருமாக இருந்து பார்த்தோம். நாவலை வாசிக்காத அவளுடைய தம்பி, படம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகுமுன்னே “இது கூடாத இடம்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “எல்லாம் சாம்பல் நிறமா இருக்கே” என்றான்.

ஒரே கதைதான். வாசித்தவளுக்கு அந்த ஊரில் பிழை தெரியவில்லை. பார்த்தவனுக்குப் பிழையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

லொயிஸ் லோரி அமெரிக்க எழுத்தாளர், 1937இல் பிறந்தவர். ‘த கிவர்’ 1993இல் வெளிவந்தது. மறு ஆண்டே சிறுவர் இலக்கியத்திற்கான நியூபெரி விருது அதற்குக் கிடைத்தது. அமெரிக்காவில் எத்தனையோ பாடசாலைகளில் அது பாடநூலானது. அதே காலத்தில், பிள்ளைகளுக்கு ஆகாத புத்தகம் என்று பெற்றோரின் எதிர்ப்புக்கும் அடிக்கடி ஆளானது. இருபத்துமூன்று சிறிய அத்தியாயங்கள், எளிய ஆங்கிலம். சாதாரண தரப் பிள்ளை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிர்காலத்தில் ஒரு சமூகம். அங்கே எல்லோரும் ஒன்றுபோலிருக்க வேண்டும் என்பது கொள்கை. குடும்பத்திற்கு ஓர் ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை. பிள்ளைகளைப் பெறுபவர்கள் வேறு, வளர்ப்பவர்கள் வேறு. காலையில் கனவுகளையும் இரவுச் சாப்பாட்டில் மன உணர்வுகளையும் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சபை முன்னிலையில் தொழில் ஒதுக்கப்படும். கடந்த காலத்தின் நினைவுகள் யாரிடமும் இல்லை. அவையெல்லாம் ஒரே ஒரு முதியவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. அந்த நினைவுகளை அடுத்ததாக ஏற்கும் பொறுப்பு ஜோனஸ் என்ற பையனுக்குக் கிடைக்கிறது. அதுவரை நினைவுகளை ஏற்றவராக இருந்த முதியவர் இனிக் கொடுப்பவர் ஆகிறார். தலைப்பு குறிப்பது அவரைத்தான்.

சொல்லில் மறைந்திருப்பது

நாவல் தொடங்குவதே ஒரு சொல்லைத் தேடுவதில்தான். ஜோனஸுக்கு மனதில் ஒரு கலக்கம். அதற்குப் பெயர் பயமா என்று யோசிக்கிறான். முன்பு அடையாளம் தெரியாத ஒரு விமானம் ஊருக்கு மேலால் பறந்தபோது வந்ததல்லவா பயம், இது அதுவல்ல என்று தள்ளி, வேறொரு சொல்லைத் தேர்ந்தெடுக்கிறான். அந்த ஊரில் சொல்லைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது கடுமையான ஒழுக்கம். ஜோனஸின் கூட்டாளி ஆஷர் மூன்று வயதில் சிற்றுண்டி என்பதற்கான சொல்லை மாற்றி, அடியைக் குறிக்கும் சொல்லைச் சொல்லிவிடுகிறான். சொன்ன ஒவ்வொரு தடவையும் அடி விழுகிறது. கடைசியில் பிள்ளை கொஞ்சக் காலம் வாய் திறப்பதையே விட்டுவிடுகிறது. சபையில் இதைச் சொல்லும்போது எல்லோரும் அன்போடு சிரிக்கிறார்கள். வாசிக்கும் நாமும் சேர்ந்து சிரித்துவிடுகிறோம்.

சொல்லில் இவ்வளவு கறாராக இருக்கும் அந்த ஊரில் ‘விடுவிப்பு’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. முதல் பக்கங்களிலேயே அது வந்துவிடுகிறது. பாதை தவறிப் பறந்த விமானி விடுவிக்கப்படுவார் என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது. நாம் கவனிக்காமல் கடந்துபோகிறோம். முதியவர்களுக்கு விடுவிப்பு என்றால் அது ஒரு கொண்டாட்டம். இரட்டையாகப் பிறந்த குழந்தைகளில் நிறை குறைந்தது விடுவிக்கப்படும். எங்கோ ஓரிடத்துக்கு அனுப்பிவைக்கிறார்கள் என்று ஜோனஸ் நினைக்கிறான், நாமும் அப்படியே நினைக்கிறோம்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் நன்னூல் ஞாபகம் வராமல் போகாது. தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று பவணந்தியார் மூன்றாகப் பிரித்தார். செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது மங்கலம். நாங்களும் மௌத்தாகிவிட்டார், வபாத்தானார் என்றுதான் சொல்கிறோம். கேட்பவர் மனம் நோகாமலிருக்கச் சொல்வது அது. சொல் மென்மையானது, ஆனால் நடந்தது என்ன என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது குழூஉக்குறி. அது தெரிந்த கூட்டத்துக்கும் தெரியாத கூட்டத்துக்கும் நடுவே ஒரு சுவரை எழுப்புகிறது. லோரியின் ஊரில் விடுவிப்பு என்ற சொல் மங்கலத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு குழூஉக்குறியின் வேலையைச் செய்கிறது. இதுதான் அந்த நாவலின் மையம் என்பது என் கருத்து. ஒரு சமூகம் தான் செய்யும் கொலையைத் தானே அறியாமலிருக்க, சொல் ஒன்றே போதும்.

‘சொல்லைச் சரியாகச் சொல்’ என்ற கண்டிப்பு திரைப்படத்திலும் இருக்கிறது. விடுவிப்பும் இருக்கிறது. ஆனால் அவை அங்கே தகவல்களாகவே வந்து நிற்கின்றன. சொல்லால் நாம் ஏமாந்துபோகும் அனுபவத்தைப் படத்தால் தர முடியவில்லை.

நிறம் என்ற பிரச்சினை

திரைப்படம் 2014 ஓகஸ்டில் வெளிவந்தது. இயக்குநர் அவுஸ்திரேலியரான பிலிப் நொய்ஸ். கொடுப்பவராக நடித்த ஜெஃப் பிரிட்ஜஸ்தான் இதைப் படமாக்க ஏறத்தாழ இருபது வருடங்கள் முயன்றவர். அந்தப் பாத்திரத்தில் தன்னுடைய தகப்பன் லொயிட் பிரிட்ஜஸை நடிக்கவைக்க வேண்டும் என்பது அவருடைய முதல் ஆசை. தகப்பன் 1998இல் இறந்துவிட்டார். கடைசியில் மகனே அந்த முதுமைக்கு வந்து சேர்ந்து நடித்தார். நினைவுகளை ஒரு தலைமுறை அடுத்ததற்குக் கொடுக்கும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பின்னணி கிடைக்காது. பிரிட்ஜஸின் கரகரத்த குரலும் களைத்த முகமும்தான் படத்தின் பெரிய பலம்.

நாவலில் நிறத்தைப் பற்றிய மர்மம் ஒன்று உண்டு. ஜோனஸ் ஓர் அப்பிளை எறிந்து விளையாடும்போது அது ஒரு கணம் ‘மாறுகிறது’. என்ன மாறியது என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பியோனா என்ற தோழியின் தலைமுடியும் அப்படி மாறுகிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில்தான் கொடுப்பவர் அதற்குப் பெயர் சொல்கிறார்: சிவப்பு. அப்போதுதான் நமக்கு உறைக்கிறது, இந்த ஊரில் நிறமே இல்லை. இதுவரை வாசித்த பக்கங்களில் மரம், வீடு, ஆறு எல்லாவற்றுக்கும் நிறம் பூசியது நாங்கள்தான். லோரி ஒரு பொய்யும் சொல்லவில்லை, நிறத்தைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாதது போலவே எங்களுக்கும் தெரியாமல் போயிற்று.

திரைப்படம் முதற் காட்சியிலிருந்தே கறுப்பு வெள்ளை. ஜோனஸ் அறியாததை நாம் முன்கூட்டியே அறிந்துவிடுகிறோம். பின்னர் அவன் நினைவுகளை ஏற்க ஏற்க, நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரைக்குள் வருகிறது. அது அழகாகத்தான் இருக்கிறது. அவசரப்படாமல், முதலில் ஒரு பொருளில், பிறகு ஒரு முகத்தில் என்று நிறம் கசிந்து வருவதை என் மகனும் வாய் பிளந்து பார்த்தான். ஆனால் அவன் பார்த்தது அவலட்சணமான ஓர் இடம் அழகாவதை. நாவலை வாசித்தவளோ, அழகு என்று தான் நம்பியிருந்த இடம் கைக்குள்ளேயே உதிர்ந்துபோவதைக் கண்டாள். இரண்டும் ஒன்றல்ல.

கமராவால் நிறத்தைக் காட்டாமல் மறைக்க முடியாதே, இயக்குநர் வேறென்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுத்து சொல்லாமல் விடலாம், கமரா எதையாவது காட்டித்தான் ஆக வேண்டும். இந்த இடத்தில் நான் படத்தைக் குறை சொல்லவில்லை. என்னுடைய குறை, மாற்ற வேண்டிய தேவை இல்லாத இடங்களிலும் அவர்கள் மாற்றியதில்தான் இருக்கிறது.

வில்லன் இல்லாத கதைக்கு வில்லன்

நாவலில் கெட்டவர் என்று ஒருவர் இல்லை. தலைமை மூதாட்டி, விழாவில் ஜோனஸின் பெயரை வாசிக்காமல் தாண்டிப் போனதற்காகச் சபை முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்பவர். கதையில் அவருடைய பங்கு ஏறத்தாழ அத்தோடு சரி. திரைப்படத்தில் அவர் மெரில் ஸ்ட்ரீப். அவ்வளவு பெரிய நடிகையை ஒரே காட்சியோடு அனுப்பிவிட முடியுமா? ஆகவே அவர் கண்காணிக்கிறார், விசாரிக்கிறார், தண்டனை விதிக்கிறார், கடைசியில் கொடுப்பவரோடு நின்று வாதாடுகிறார். மனிதருக்குத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கொடுத்தால் பிழையானதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்பது அவருடைய வாதம்.

வில்லனை வைத்தவுடன் எங்களுக்கு ஆறுதல் வந்துவிடுகிறது. பிழை அந்த ஆளில் இருக்கிறது, எங்களில் இல்லை. லோரி அந்த ஆறுதலைத் தரவில்லை. அவருடைய கதையில் மிக இரக்கமான மனிதர் ஜோனஸின் தகப்பன். பச்சைப் பிள்ளைகளைப் பராமரிப்பது அவருடைய தொழில். தேறாத கேப்ரியல் என்ற குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று அனுமதி கேட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து தாலாட்டுகிறவர். அதே கையால்தான் அவர் இரட்டையரில் நிறை குறைந்த குழந்தையின் நெற்றி நரம்பில் ஊசி ஏற்றுகிறார். கொஞ்சும் குரலிலேயே பேசிக்கொண்டு ஏற்றுகிறார். பிறகு பெட்டியில் வைத்து, குப்பைக் குழாயில் போட்டு, கையசைத்து வழியனுப்புகிறார்.

இந்தக் காட்சியைத் திரைப்படம் விட்டுவிடவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை. படத்தின் மிகச் சிறந்த இடம் இதுதான். அலெக்ஸாண்டர் ஸ்கார்ஸ்கார்ட் அந்தத் தகப்பனின் முகத்தில் ஒரு கொடூரத்தையும் கொண்டுவரவில்லை. என் மகன் எழுந்து குசினிக்குப் போய்விட்டான். படம் முழுவதும் இந்தத் தைரியத்தோடு இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஆனால் அது அங்கேயே நிற்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் வாலிபனாகிவிட்டான். தோழி பியோனா காதலியாகிவிட்டாள். கூட்டாளி ஆஷர் டிரோன் ஓட்டுகிறான். துரத்தல், பாய்ச்சல், கடைசி நிமிடத்தில் காப்பாற்றல் எல்லாம் வருகின்றன. காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. ‘த ஹங்கர் கேம்ஸ்’ 2012இலும் ‘டைவர்ஜன்ட்’ 2014 மார்ச்சிலும் திரைக்கு வந்து வசூலைக் குவித்திருந்தன. அந்த இரண்டு நாவல்களும் 2008இலும் 2011இலும்தான் எழுதப்பட்டன. அவற்றுக்கெல்லாம் மூத்த கதை, கடைசியில் வந்து இளையவர்களின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றது.

பியோனாவுக்கு நடந்ததுதான் எனக்குப் பெரிய கவலை. படத்தில் அவள் ஜோனஸுக்கு உதவுகிறாள், அதற்காக விடுவிப்புத் தண்டனைக்கு ஆளாகிறாள், நாங்கள் பதறுகிறோம். நாவலில் அவளுக்குக் கிடைத்த வேலை முதியோர் பராமரிப்பு. ஓரிடத்தில் கொடுப்பவர் சாதாரணமாகச் சொல்கிறார், முதியவர்களை விடுவிக்கும் கலையில் அவளும் இப்போது தேர்ச்சி பெற்றுவருகிறாள் என்று. ஜோனஸ் ஆசை வைத்த பிள்ளை, சிவந்த முடி கொண்ட அந்த மென்மையான பிள்ளை, கொல்லப் பழகுகிறாள். அது கொலை என்று அவளுக்குத் தெரியாது. காப்பாற்றப்பட வேண்டிய பெண்ணாக அவளை மாற்றியவர்கள் இந்த ஒரு வரியின் பயங்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டார்கள். நாவலில் ஜோனஸ் முழுத் தனிமையில் போகிறான். அவனுடைய கூட்டாளிகள் கெட்டவர்களல்ல, விளங்காதவர்கள்.

பிலிப் நொய்ஸுக்கு இது தெரியாமலில்லை. 2002இல் அவர் எடுத்த ‘ரபிட் ப்ரூஃப் ஃபென்ஸ்’ அவுஸ்திரேலியப் பூர்வகுடிச் சிறுமியர் மூவரின் உண்மைக் கதை. அரசாங்கம் தாய்மாரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன பிள்ளைகள், முயல் தடுப்பு வேலியை வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டு வீடு நோக்கி நடக்கிறார்கள். நடப்பதுதான் படம். பிள்ளையின் காலையும் வெயிலையும் நம்பி எடுத்த படம். பிடித்துக்கொண்டு போன அதிகாரிகூட அங்கே, பிள்ளைகளுக்கு நல்லது செய்கிறேன் என்று நம்புகிற மனிதர்தான். அதை எடுத்த கைக்கு டிரோன் எதற்கு?

தண்ணீர்

நினைவு எப்படிக் கைமாறுகிறது என்பதில் இரண்டும் பிரியும் இடம் எனக்கு மிக முக்கியமானது.

நாவலில் ஜோனஸ் கட்டிலில் குப்புறப் படுக்கிறான். முதியவர் அவனுடைய வெறும் முதுகில் கைகளை வைக்கிறார். நாளுக்கு நாள், ஒவ்வொன்றாக, நினைவுகளைக் கொடுக்கிறார். கொடுத்த நினைவு அவரிடமிருந்து போய்விடும். முதலில் பனிச்சரிவு, வெயில் போன்ற இன்பங்கள். பிறகு முறிந்த கால். பிறகு போர். அந்தப் போர் அத்தியாயம் மிகச் சின்னது. யார் யாரோடு போரிட்டார்கள், எந்த நாடு, எந்தக் காலம், ஒன்றும் இல்லை. காயப்பட்ட ஒரு சிறுவன் தண்ணீர் கேட்கிறான். நினைவுக்குள் தானும் காயப்பட்டுக் கிடக்கும் ஜோனஸ் ஒரு கையால் சிரமப்பட்டுக் கொடுக்கிறான். சிறுவன் இறந்துபோகிறான். நினைவு முடிந்ததும் முதியவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிறார். பின்னர் தகப்பன் ஊசி போட்ட குழந்தையைப் பார்த்தபோது அது மரணம் என்று ஜோனஸ் கண்டுகொள்வது இந்தச் சிறுவனின் முகத்தை வைத்துத்தான். நினைவு இல்லாதவனுக்குக் கண்முன்னால் நடப்பதும் தெரியாது.

திரையில் அந்தப் போர் வெடிச்சத்தமும் ஓட்டமுமாகச் சில கணங்களில் வந்து போகிறது. தண்ணீரின் கனம் அதில் இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. மன்னாரிலிருந்து கற்பிட்டிக்கு வள்ளத்தில் வந்தோம். அந்தப் பயணத்தில் எனக்கு ஞாபகமிருப்பது தாகம் ஒன்றுதான். மற்றதெல்லாம் பெரியவர்களிடம் இருந்தது. வாப்பா அதைப் பற்றி எங்களிடம் பேசவே மாட்டார். கேட்டால், “புள்ளைகள் அறியாம இருக்கட்டும்” என்று உம்மாவிடம் சொல்வார். அது அன்பு, எனக்குத் தெரியும். இந்த நாவலை வாசித்த பிறகுதான் அந்த ஊரைக் கட்டியவர்களும் அன்பினால்தான் கட்டினார்கள் என்பது விளங்கியது. வாப்பா 2011இல் மௌத்தானார். அவரிடமிருந்ததை யாரும் ஏற்கவில்லை.

லோரி தன் தகப்பனைப் பற்றிச் சொன்ன ஒன்று இருக்கிறது. முதுமையில் ஞாபகம் மங்கிய தகப்பன், இளம் வயதில் இறந்துபோன மூத்த மகள் ஹெலனின் படத்தைக் காட்டி, இவளுக்கு என்ன நடந்தது என்று கேட்கிறார். சொன்னால் புதிதாகத் துக்கப்படுகிறார். கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டு மறுபடி கேட்கிறார். மறதி அந்த மனிதருக்கு ஒரு சுகம்தானே என்று லோரி யோசித்த இடத்திலிருந்தும் இந்த நாவல் வந்தது. ஆகவே மறக்க விரும்புபவர்களை இளக்காரமாகப் பார்ப்பது இந்தக் கதையின் நோக்கமல்ல.

திரைப்படத்தின் முடிவு இங்கேதான் என்னை ஏமாற்றியது. நினைவுகளுக்கு ஓர் எல்லை இருக்கிறதாம். ஜோனஸ் அந்தக் கோட்டைத் தாண்டியதும் நினைவெல்லாம் ஊரை நோக்கித் திரும்புகிறது, நிறம் வருகிறது, எல்லோரும் கண் கலங்குகிறார்கள், ஊசி நின்றுபோகிறது. நாவலிலும் ஜோனஸ் போய்விட்டால் நினைவுகள் ஊருக்குத் திரும்பும். ஆனால் கொடுப்பவர் கூடப் போகாமல் நின்றுவிடுகிறார், ஏனென்றால் அந்த வேதனையைத் தாங்க ஊராருக்கு ஓர் ஆள் துணை வேண்டும். அவர்கள் தாங்கினார்களா என்று லோரி காட்டவில்லை. குளிரில் விறைத்த ஜோனஸும் கேப்ரியலும் ஒரு குன்றிலிருந்து கீழே சறுக்குகிறார்கள். வெளிச்சம் தெரிகிறது, பாட்டுக் கேட்கிறது. அது உண்மையான வீடா, இறக்கும் பிள்ளையின் மயக்கமா என்பதும் சொல்லப்படவில்லை. பின்னர் எழுதிய தொடர் நாவல்களில் லோரி விடை தந்தார், அது வேறு கதை. இந்த நாவல் நம்மை அந்தக் குன்றில் விட்டுவிட்டு முடிகிறது. படமோ வீட்டையும் காட்டி, விளக்கமும் சொல்லி முடிக்கிறது.

ஒரு கோட்டைத் தாண்டியதும் ஒரு சமூகத்துக்கு நினைவு திரும்பிவிடும் என்பதை நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் அது கையைத் தொட்டு, ஒவ்வொன்றாக, கொடுப்பவருக்கும் ஏற்பவருக்கும் நோக நோகத்தான் வரும் என்று சொல்லும் நாவலைத்தான் என்னால் நம்ப முடிகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டையும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், ஆனால் புத்தகத்தை முதலில் கொடுங்கள். படத்தை முதலில் பார்த்த பிள்ளைக்கு “இந்த ஊர் நல்லம்தானே?” என்று ஏமாறும் வாய்ப்பு இல்லாமல் போய்விடும். அந்த ஏமாற்றம்தான் பாடம்.

மகள் புத்தகத்தை முடித்த இரவு என் பக்கத்தில் வந்து படுத்தாள். நாவலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “உம்மா, வள்ளத்துல எத்தின பேர் வந்தீங்க?” என்று கேட்டாள். எனக்குச் சரியான எண்ணிக்கை தெரியாது. தெரிந்ததிலிருந்து தொடங்கினேன். தண்ணீரிலிருந்து.